பாதியாகாத பாதி

அன்புள்ள அக்கா,

வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். ரெண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. வார நாட்கள் தோசை, ரசம், முட்டைப் பொரியல் என்று ஓடிவிடும். அதனால் ஞாயிறுதோறும் இதுவரை வீட்டில் செய்யாத ஒரு பண்டம் என்று தொடங்கினோம். பதினாலு வாரம் ஆகிறது, தேறியது ஐந்துதான். எல்லாக் குறிப்பும் நாலு பேருக்கு இருப்பதால் ஒவ்வொன்றையும் சரிபாதியாக்கிப் போடுகிறோம். பிசிபேளாபாத்தில் பருப்பு விதை விதையாக நின்றது, காரம் காதில் ஏறியது, சாப்பிட உட்காருவதற்குள் கெட்டிதட்டிவிட்டது. ராகி முத்தே உடைத்தால் உள்ளே பச்சை மாவு. போன வாரம் குருமாவில் ரெண்டு பேருமே உப்புப் போட்டுவிட்டோம். இரண்டு பேருக்குச் சமைக்கத் தனிக் கணக்கு ஏதாவது உண்டா? சனவரிக்குள் அவரைக்காய் சாறும் செய்துபார்க்க ஆசை.

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

தப்பு அந்த ‘சரிபாதி’யில்தான். அரிசி பாதியாகும், பருப்பு பாதியாகும், காய் பாதியாகும். ஆவியாகிப் போகிற தண்ணீர் பாதியாகாது. அது பாத்திரத்தின் வாயகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பார்த்துப் போவது. உள்ளே வேகிறது ரெண்டு பேர் சோறா நாலு பேர் சோறா என்று அதற்குக் கவலையில்லை. ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு கப் சோனாமசூரிக்கு இரண்டரை கப் தண்ணீர் சரியாக வருகிறது என்றால், அரை கப்புக்கு ஒன்றேகால் வைத்தால் விறைக்கும். ஒன்றரை வையுங்கள். குக்கருக்குள் கிண்ணம் இறக்கிச் சமைத்தால் இந்தத் தகராறு இல்லை. ஆவியாவது அடியில் ஊற்றிய தண்ணீர். கிண்ணத்தில் ஊற்றியது ஏறக்குறைய அப்படியே அரிசிக்குப் போய்ச் சேரும். அங்கே மட்டும் சரிபாதி செல்லும்.

தாளிப்பும் பாதியாகாது. அகல வாணலியில் ரெண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் அது படலமாகப் பரவும், கடுகு நனையாமல் ஒரு பக்கம் கருகும், பெருங்காயம் பொரியாது. கையகலத் தாளிப்புக் கரண்டி ஒன்று இருந்தால் அதே எண்ணெய் குழியில் தேங்கி நிற்கும்.

மிக்ஸிதான் இருப்பதிலேயே பிடிவாதமானது. ரெண்டு பேர் குருமாவுக்கான தேங்காய் மூன்று ஸ்பூன். சின்ன ஜாரில் போட்டாலும் பிளேடுக்கு மேலே சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பிளேடு பிடிக்கட்டும் என்று தண்ணீர் ஊற்றுவோம், அரைபடும், ஆனால் மசாலா நீர்த்து, வதக்கும்போது எண்ணெய் பிரிய இருமடங்கு நேரம் பிடிக்கும். அரைப்பதை ஒருபோதும் பாதியாக்காதீர்கள். நாலு பேருக்கு அரைத்துப் பாதியை ஃப்ரீசரில் வையுங்கள்.

இந்த இடத்தில்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தில் ஒரு கை வைக்கப்போகிறேன். வாரம் ஒரு புதுப் பண்டம் வேண்டாம். ஒரு பண்டத்துக்கு இரண்டு ஞாயிறு கொடுங்கள். பாதியாகாததை முதல் வாரம் முழுசாகச் செய்து மிச்சம் வைத்தால் அதுவே இரண்டாம் வாரச் சமையலுக்குப் பாதி வேலை. அதைவிட முக்கியம், முதல் தடவை எதில் தப்பியது என்று நாக்கு மறக்குமுன் திருத்திப் பார்க்கலாம். பதினாலு வாரத்தில் பதினாலு பண்டம் செய்தவர்களுக்குப் பதினாலும் முதல் தடவையாகவே நின்றுவிடும்.

இனி பிசிபேளாபாத். இரண்டு பேருக்கு அரிசி 80 கிராம், துவரம்பருப்பு 60 கிராம், காய் 120 கிராம், புளி 8 கிராம், கொட்டைப்பாக்கு அளவு வெல்லம். கப்பில் சொல்லாமல் கிராமில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சமையல் குறிப்பில் வரும் கப் 240 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, வீட்டு டம்ளருக்கு அளவே கிடையாது. ஒரு கிராம் துல்லியம் காட்டும் சின்னத் தராசு வாங்கிவிடுங்கள்.

பொடியை நாலு பேருக்குச் செய்யுங்கள்: மல்லி 2 டேபிள்ஸ்பூன், கடலைப்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், உளுத்தம்பருப்பு 2 டீஸ்பூன், வெந்தயம் கால் டீஸ்பூன், பட்டை ஒரு அங்குலம், கிராம்பு 3, மராட்டி மொக்கு 1, கசகசா 1 டீஸ்பூன், கொப்பரை 2 டேபிள்ஸ்பூன், மிளகாய் வற்றல் 8. உங்கள் காதில் காரம் ஏறியது இந்த எட்டினால்தான். கன்னடக் குறிப்பில் எட்டு மிளகாய் என்றால் அது ஹாவேரிப் பக்கத்து பியாடகி. சுருங்கிய தோல், அடர்ந்த சிவப்பு, காரம் சொற்பம். அதே எட்டுக்குக் குண்டூர் மிளகாயைப் போட்டால் வேறு பண்டம் ஆகிவிடும். பியாடகி கிடைக்காவிட்டால் குண்டூர் இரண்டு போதும், நிறம் கொஞ்சம் குறையும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில் வறுங்கள். வெந்தயம் சிவந்த மறுநொடி கருகும், கருகினால் பொடி முழுக்கக் கசக்கும். கொப்பரையை இப்போது சேர்க்காமல், பொடியைப் பாதி பிரித்தபின் அன்றன்றைக்கு வறுத்துச் சேருங்கள். கொப்பரை கலந்த பொடிதான் சீக்கிரம் காறும். மீதிப் பொடி அடுத்த ஞாயிறுக்கு.

பருப்பு விதையாக நின்றதற்கு மூன்று காரணம் இருக்கலாம். பழைய பருப்பு. புளியை முன்கூட்டிச் சேர்த்தது. மூன்றாவது, உங்கள் குழாய்த் தண்ணீர். காவேரித் தண்ணீர் வராமல் போர்வெல்லும் டேங்கரும் ஓடுகிற அடுக்ககம் என்றால் தண்ணீர் பெரும்பாலும் கடினமாக இருக்கும். அதிலுள்ள கால்சியம் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்கிற பசையோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும், எத்தனை விசில் விட்டாலும் நடு வேகாது. புளிப்பும் இதே மாதிரி இறுக்கிவிடும். குடிக்கிற தண்ணீரில் பருப்பை அரைமணி ஊறவைத்து, அதே மாதிரித் தண்ணீரில் வேகவையுங்கள். சோடா உப்புப் போட்டால் வேகும், ஆனால் சோப்பு வாடை வரும்.

விசில் கணக்கையும் விட்டுவிடுங்கள். தீயும் குக்கர் அளவும் மாறினால் விசில் மாறும். அரிசி, பருப்பு, மஞ்சள்தூள், 500 மில்லி தண்ணீர். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி 12 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். திறந்த பாத்திரத்தில் காய் வேகவைக்கிறீர்கள் என்றால் சென்னைக்காரர்கள் சொல்லும் நேரத்தோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

வேறு பாத்திரத்தில் புளித்தண்ணீர் 80 மில்லி, பொடி, வெல்லம், வெந்த காய் எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் கொதித்துப் புளியின் பச்சை வாடை போனபின்பே பருப்புச் சாதத்தை மசித்துச் சேருங்கள். பக்கத்தில் 150 மில்லி வெந்நீர் தயாராக இருக்கட்டும். இறக்கும்போது கரண்டியிலிருந்து வழிந்து விழவேண்டும். ‘இவ்வளவு தண்ணியா’ என்று மனசு பதறும், பதறட்டும். அரிசி மாவுச்சத்து இறக்கியபின்னும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் பதம் வரும். அடுப்பிலேயே பதமாக இருந்தது தட்டில் கட்டிதான்.

உப்பு. சாத வகைக்கும் குழம்புக்கும் முடிந்த பண்டத்தின் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. காலிப் பாத்திரத்தின் எடையைப் பார்த்துப் பிடியில் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். பண்டத்தோடு நிறுத்தால் கழித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அளவு 900 கிராம் அளவில் வரும். 7 கிராம் தூளுப்பு முதலில், ருசி பார்த்து ஒன்றோ இரண்டோ பிறகு. ஒரு டீஸ்பூன் தூளுப்பு 6 கிராம் அளவில் இருக்கும். கல்லுப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள், நிறுத்துப் போடுங்கள். இந்த 7 கிராமையும் ஆரம்பத்திலேயே நிறுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டால் ‘நீ போட்டியா, நான் போட்டேனா’ வராது. கிண்ணம் காலி என்றால் உப்புப் போட்டாயிற்று.

முத்தே, நம் தருமபுரி கிருஷ்ணகிரிப் பக்கத்துக் களிதான். உங்கள் பதினாலில் இருவருக்கென்றே அமைந்த பண்டம் இதுதான் என்பேன், ஏனென்றால் ஒருவர் பாத்திரத்தைப் பிடிக்காமல் இன்னொருவர் கிண்ட முடியாது. இதையும் பாதியாக்காதீர்கள். ஒரு கப் மாவுக்குக் குறைந்தால் பாத்திரத்தில் ஆழமே இருக்காது, கிண்டும் கட்டை சுழலாது, மாவு சுவரில் காய்ந்துபோகும். வாய் குறுகிய, அடி கனமான பாத்திரம் எடுங்கள். 2 கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய். மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் மட்டும் எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே கொஞ்சம் விட்டுக் கரைத்து, பாத்திரத்துத் தண்ணீர் சூடேறும்போது ஊற்றுங்கள். கஞ்சி போலக் கொதித்து மேலே வரும்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கொட்டியதும் கை பரபரக்கும், கிண்டத் தோன்றும். கிண்டக் கூடாது. உங்களுக்கு உள்ளே பச்சை மாவு நின்றது இதனால்தான்: அப்போதே கிண்டினால் மாவு சின்னச் சின்ன உருண்டையாகும், கொதிநீர் பட்டதும் உருண்டையின் மேல்தோல் வெந்து பசையாகி மூடிக்கொள்ளும், அதற்கு உள்ளே தண்ணீர் போகவே போகாது. குவியல் குவியலாகவே நிற்கட்டும். தீயைக் குறைத்து, லேசாக மூடி, ஐந்து நிமிடம். ஓரங்களில் கஞ்சி கொதித்து மாவின் மேலே ஏறும், குவியல் வெடித்துப் பிளக்கும்.

இப்போது ஒருவர் ரெண்டு பக்கமும் துணி வைத்துப் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்க, மற்றவர் கட்டையைக் குவியலின் நடுவில் இறக்கி, முதலில் குத்தி, பிறகு சுவரோடு வைத்து நசுக்கி ஒரே திசையில் சுழற்றவேண்டும். மூன்று நிமிடத்தில் தோள் வலிக்கும், ஆள் மாற்றிக்கொள்ளலாம். மாவு சுவரை விட்டுக் கழன்று கட்டையோடு திரண்டு வரும். வறண்டு தெரிந்தால் ரெண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீர் தெளித்து, மூடி, இன்னும் மூன்று நிமிடம். ஈர விரலால் தொட்டால் ஒட்டாமல், நிறம் ஒரு படி கறுத்து மினுமினுத்தால் வெந்தது. சுடச்சுட ஈரக்கையால் உருட்டவேண்டும். ஆறினால் விரிசல் விடும். மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம்.

இரண்டாம் ஞாயிறு ஆளை மாற்றுங்கள். முதல் வாரம் அளந்தவர் அடுப்புக்குப் போகட்டும், முதல் வாரம் அளவும் நேரமும் எழுதிவைத்த தாளை மட்டும் பார்த்துச் சமைக்கட்டும். ‘கொஞ்சம் தண்ணி’, ‘பொன்னிறம் வரும்வரை’ என்று எழுதியவை எல்லாம் அன்றைக்கு மாட்டிக்கொள்ளும். வீடியோவில் ‘அஞ்சு நிமிஷம் வதக்கணும்’ என்கிற வெங்காயத்துக்கு உங்கள் அடுப்பில் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது என்றால் பன்னிரண்டு என்றே எழுதுங்கள்.

புளிக்க வைக்கிற எதையும் டிசம்பரில் சின்ன அளவில் தொடாதீர்கள். கொஞ்ச மாவு சீக்கிரம் குளிர்ந்துபோகும். சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்குவது இங்கே பதினாலு மணி ஆனாலும் அசையாது. பெரிய அளவாகக் கரைத்து, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் வையுங்கள்.

அவரைக்காய் சாறு கேட்டிருந்தீர்கள். முதலில் பெயர்க் குழப்பம். கன்னடத்தில் அவரெக்காய் என்றால் நம் மொச்சைக்காய். நாம் அவரைக்காய் என்று சொல்லும் தட்டைக் காய்க்கு அவர்கள் சப்பரத அவரெ என்பார்கள். நீங்கள் கேட்பது ஹிதகிதபேளே சாறு, நம் பக்கத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்பு. டிசம்பர் பிற்பாதியிலிருந்து மொச்சை குவியும். சனவரியில் இதற்கென்றே மேளா நடத்துகிற ஊர் இது. தள்ளுவண்டியிலோ ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் காய்கறிக் கடையிலோ வாங்கும்போது காயை மோந்து பாருங்கள், விரலில் எண்ணெய்ப் பிசுக்கும் மணமும் ஒட்டினால் புதுசு. ஒரு கிலோ காய் உரித்தால் மூன்றில் ஒரு பங்கு, நல்ல காயானால் சற்றுக் கூட, கொட்டை தேறும். அது உங்கள் இருவருக்கும் ரெண்டு ஞாயிறுக்குக் காணும். சனிக்கிழமை இரவு உரித்து ஊறப்போடுங்கள். காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறும். எகிறுவதைப் பிடிக்க ஆழமான கிண்ணத்துக்குள் கை வைத்துப் பிதுக்குங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் அரைமணி வேலை. பிதுக்கிய பருப்பை குக்கரில் போடாதீர்கள், கூழாகும். கொதிக்கிற தண்ணீரில் திறந்தபடி ஏழெட்டு நிமிடம் போதும், பிறகு மசாலா. கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தின் காதைப் பிடித்துக் குலுக்கிவிடுங்கள். மீதிப் பாதியைப் பிதுக்கியபின் ஈரம் துடைத்து ஃப்ரீசரில் வையுங்கள், அடுத்த ஞாயிறு உறைந்தபடியே கொதிநீரில் போடலாம்.