முதல் தெரபிஸ்ட் சரிப்படவில்லை, மறுபடி எப்படித் தேடுவது?

கேள்வி: எனக்கு 34 வயது. எட்டு மாதமாகத் திடீர் திடீரென்று படபடப்பு வருகிறது. நெஞ்சு இறுகி, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். கால் மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று, இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. "இது பேனிக் அட்டாக், ஒரு தெரபிஸ்ட்டைப் பாருங்கள்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். யாரைப் பார்ப்பது என்று சொல்லவில்லை. தேடினால் சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர், லைஃப் கோச் என்று வரிசையாக வருகிறார்கள். ஒருவரிடம் போனேன். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் அவரே பேசினார். "நல்லதையே நினையுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். மறுபடி போகவில்லை. நான் இருப்பது சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இன்னொருவரைத் தேடவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: "யாரைப் பார்ப்பது என்று சொல்லவில்லை" என்ற உங்கள் வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மனநல மருத்துவராக வேலையைத் தொடங்கிய காலத்தில் நானும் மருந்துச் சீட்டின் கடைசி வரியில் 'கவுன்சலிங்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆஞ்சியோ தேவைப்படும் ஒருவரிடம் "எங்காவது போய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். மனத்துக்கான சிகிச்சை என்றால் மட்டும் சொல்லிவிடுகிறோம். தேடுகிற பாரம் தெம்பே இல்லாத ஆளின் தலையில் விழுகிறது. அந்த நிலையிலும் நீங்கள் ஒருவரைக் கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது சரிப்படாமல் போனதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

பெயர்க் குழப்பத்தை முதலில் முடித்துவிடுவோம். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்து மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, நோயாளிகளுக்குச் சிகிச்சை தருவதற்கென்றே மேற்பயிற்சி பெற்றவர். பேச்சு வழிச் சிகிச்சை அவருடைய வேலை. தெரபிஸ்ட் என்பது அந்தச் சிகிச்சையைச் செய்கிற யாரையும் குறிக்கிற பொதுப்பெயர். கவுன்சலர் என்ற பெயரில் முறையாகப் படித்த அருமையானவர்கள் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்புச் சான்றிதழோடு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். பல நாடுகளில் அந்தப் பெயருக்குச் சட்டக் காவல் இல்லை. லைஃப் கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்களுக்கு இருக்கிற தொந்தரவுக்கு அவர் ஆள் இல்லை.

எனவே, பலகையில் உள்ள பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எங்கே படித்தார், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார் என்று பாருங்கள். பதிவு பெற்றவர்களின் பட்டியலைப் பல நாடுகளில் யாரும் பார்க்கலாம். இதைச் சரிபார்ப்பது அவரை அவமதிப்பது ஆகாது. நல்ல சிகிச்சையாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

இன்னொரு சின்ன விஷயம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சில ஆஸ்துமா மருந்துகளாலும், காபி மிகுந்தாலும் இதே மாதிரி படபடக்கும். உங்கள் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு பார்த்தார்களா என்று அந்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்து, சரியாக இருந்தால் அந்தக் கதவை மூடிவிடலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "நல்ல தெரபிஸ்ட் யார்" என்று தேடினால் பதில் கிடைக்காது. "பேனிக் அட்டாக்குக்குச் சிகிச்சை தந்து பழகியவர் யார்" என்று தேடினால் கிடைக்கும். காரணம், இதற்கென்றே தெளிவான ஒரு சிகிச்சை முறை இருக்கிறது.

1986-இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் பேனிக் அட்டாக் எப்படிச் சுழல்கிறது என்று விளக்கினார். இதயம் ஏதோ ஒரு காரணத்தால் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. மனம் அதை "மாரடைப்பு" என்று படித்துக்கொள்கிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் பாய்கிறது, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. "பார், நான் சொன்னது சரிதான்" என்கிறது மனம். மூச்சை வேகமாக இழுக்க, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. நீங்கள் எழுதிய அந்த மரத்துப்போதல் இதுதான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கிவிடும்.

இந்தச் சுழலை உடைக்கிற முறைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர், சுருக்கமாக சி.பி.டி. இதில் வெறும் பேச்சு மட்டும் இருக்காது. சிகிச்சையாளர் உங்களை அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார், நின்ற இடத்தில் ஓடச் சொல்வார், நாற்காலியில் சுழலச் சொல்வார். நீங்கள் பயப்படுகிற அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அதனால் உயிர் போவதில்லை என்று உடம்புக்கே காட்டுவார். பிறகு நீங்கள் தவிர்க்கத் தொடங்கிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பிப் போகச் சொல்வார். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் இதற்குச் சொல்லும் அளவு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம். வருடக்கணக்கில் நீளாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நல்லதையே நினையுங்கள்" என்பது இதில் எந்த இடத்திலும் வராது.

எங்கே தேடுவது? உங்களை அனுப்பிய டாக்டரிடமே திரும்பிப் போய், "உங்கள் வீட்டில் ஒருவருக்கு இது வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பொதுவாக ஒரு பெயர் வரும். அடுத்தது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. அங்கே சைக்காலஜிஸ்ட் இருப்பார் அல்லது யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். பல்கலைக்கழக உளவியல் துறைகள் நடத்தும் பயிற்சி மையங்களை மக்கள் தேவையில்லாமல் ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கே சிகிச்சை தருபவர் மாணவராக இருக்கலாம். ஆனால் மூத்தவர் ஒருவர் அவருடைய வேலையை மேற்பார்வையிடுவார், கட்டணமும் குறைவாக இருக்கும். இணையத் தேடலில் மேலே வரும் பெயர் பெரும்பாலும் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவருடையது. அதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் போன் செய்யுங்கள். போனை எடுத்தால் வாயடைத்துவிடும் என்றால் இதை ஒரு தாளில் எழுதிவைத்துப் படியுங்கள்: "எட்டு மாதமாக எனக்கு பேனிக் அட்டாக் வருகிறது. இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதற்கு நீங்கள் சிகிச்சை தருவதுண்டா? என்ன முறையில்? எத்தனை முறை வர வேண்டியிருக்கும்? கட்டணம் எவ்வளவு?" இவ்வளவு போதும். உங்கள் வாழ்க்கைக் கதையைப் போனில் சொல்ல வேண்டியதில்லை.

பதில் எப்படி வருகிறது என்பதில்தான் ஆள் தெரிவார். "ஆமாம், சி.பி.டி. முறையில் செய்வேன், முதலில் விவரமாகக் கேட்டுவிட்டு எத்தனை தடவை என்று சொல்கிறேன், சில பயிற்சிகளை வீட்டிலும் செய்ய வேண்டியிருக்கும்" என்றால் சந்திக்க நாள் வாங்குங்கள். "இது என் துறை இல்லை, இன்னாரைப் பாருங்கள்" என்று சொன்னால் அவரும் நேர்மையானவர். அவர் சொன்ன பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். "எதுவானாலும் வாருங்கள், மூன்றே சிட்டிங்கில் சரிசெய்துவிடுவேன்" என்றால் போனை வைத்துவிடுங்கள். முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்பவர், சாப்பிடும் மருந்தைத் தன் விருப்பப்படி நிறுத்தச் சொல்பவர், தன்னிடம் வருபவர்களின் கதையை அடையாளத்தோடு உங்களிடம் சொல்பவர், அறைக்கு வெளியேயும் நெருக்கம் வேண்டும் என்று காட்டிக்கொள்பவர், இவர்களிடமிருந்து உடனே விலகுங்கள். கடைசியாகச் சொன்னது கடுமையான தொழில்நெறி மீறல்; பதிவு அமைப்பிடம் புகார் செய்யலாம்.

சின்ன ஊர் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. நீங்கள் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது சிகிச்சையாளரைக் கட்டுப்படுத்தும் தொழில் விதி. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. முதல் நாளே அவற்றை அவர் விளக்க வேண்டும். விளக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அவர் உங்கள் உறவினராகவோ, குடும்ப நண்பராகவோ, அலுவலக வட்டத்தில் உள்ளவராகவோ இருந்தால் வேண்டாம். எவ்வளவு திறமைசாலியானாலும் அந்த அறையில் உங்களால் முழுதாகப் பேச முடியாது, அவராலும் முழுதாகக் கேட்க முடியாது. பொது இடத்தில் எதிரே வந்தால் நல்ல சிகிச்சையாளர் தானாக வந்து பேச மாட்டார். நீங்கள் பேசினால் பேசுவார். இதையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம்.

அப்படி யாரும் உள்ளூரில் அமையாவிட்டால் வீடியோ வழியாகச் செய்யலாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வீடியோ வழி சி.பி.டி. நேரில் செய்வதற்கு நிகரான பலனைத் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது கதவு சாத்திய ஓர் அறை, அறுபடாத இணைப்பு. ஆனாலும் வெளியே போகவே பயம் வந்துவிட்டவர்களுக்கு நேரில் போவதே சிகிச்சையின் ஒரு பகுதி. உங்களால் போக முடிகிறது என்றால் போகக்கூடிய தூரத்தில் இருப்பவரைத்தான் முதலில் தேடச் சொல்வேன்.

இப்போது, உங்களை உண்மையில் நிறுத்திவைத்திருக்கும் விஷயம்: முதல் ஆளிடம் கிடைத்த அனுபவம். 1979-இல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர், சிகிச்சை உறவு மூன்றின் மேல் நிற்கிறது என்று எழுதினார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையே பிணைப்பு. அதன்பின் வந்த ஏராளமான ஆய்வுகளில், எந்த முறைச் சிகிச்சையானாலும், இந்த உறவு நன்றாக அமைந்தவர்கள் கூடுதலாகத் தேறியிருக்கிறார்கள். நீங்கள் போனவரிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட உருவாகவில்லை. நீங்கள் எழுந்து வந்தது சரிதான்.

ஆனால் அடுத்தவரிடமும் ஒரு நாள் எழுந்து வந்துவிடத் தோன்றும். அப்போது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சிகிச்சை கஷ்டமாக இருக்கிறதா, அல்லது அவர் உங்களைக் கேட்கவே இல்லையா? இரண்டும் வெளியே வரும்போது ஒரே மாதிரிதான் கனக்கும். பயத்தை வேண்டுமென்றே வரவழைக்கிற பயிற்சிக்குப் பிறகு களைப்பு வரும், அழுகை வரும், "இன்னும் மோசமாகிறதோ" என்று தோன்றும். அது சிகிச்சை நடக்கிறது என்பதன் அடையாளமாகக்கூட இருக்கலாம். கேட்கப்படாமல் திரும்புவது வேறு. போன வாரம் சொன்னதை இந்த வாரம் மறந்திருப்பார், நீங்கள் பேனிக் அட்டாக் என்று சொன்னால் அவர் உங்கள் திருமணத்தைப் பற்றியே பேசுவார், ஏன் இந்தப் பயிற்சி என்று கேட்டால் விளக்கமாட்டார்.

எது என்று தெரியாவிட்டால் அவரிடமே சொல்லிவிடுங்கள்: "போன தடவை போனபிறகு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நீங்கள் சொன்னது எனக்குப் பொருந்தவில்லை என்று நினைத்தேன்." என்னிடம் வந்த பலர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் சிகிச்சையையே விட்டிருக்கிறார்கள். சொன்ன சிலருக்கு அந்த நாளிலிருந்துதான் உறவே உருவாகியிருக்கிறது. திறமையுள்ளவர் அதைக் கேட்டு நன்றி சொல்வார், வழியை மாற்றிப் பார்ப்பார். கோபித்துக்கொண்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. மூன்று நான்கு சந்திப்புகள் கொடுத்துப் பாருங்கள். அதற்குள் முழுக் குணம் எதிர்பார்க்காதீர்கள். எங்கே போகிறோம் என்ற தெளிவு வந்திருக்க வேண்டும். முன்னேற்றத்தை அவர் ஏதாவது ஒரு அளவுகோலால் அளக்கிறாரா என்றும் பாருங்கள். 2006-இல் வெளிவந்த ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்விப் படிவம் பதற்றத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுகிறது; 21-க்கு எவ்வளவு என்று மதிப்பெண் வரும். தொடக்கத்தில் ஒன்று, சில வாரம் கழித்து ஒன்று எழுதினால் இருவருக்குமே உண்மை தெரியும்.

மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தாக்குதல் அடிக்கடி வந்து வேலைக்கே போக முடியாவிட்டாலோ, கூடவே மனச்சோர்வு இருந்தாலோ சைக்கியாட்ரிஸ்ட்டையும் பாருங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் இதற்கு உதவும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். வந்ததும் போட்டுக்கொள்ளக் கொடுக்கப்படும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் உடனே அடக்கும், ஆனால் உடம்பு அவற்றுக்குப் பழகிவிடும். யாரோ சொன்னார்கள் என்று வாங்கிச் சாப்பிடவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் தேடி முடிக்கும்வரை தள்ளிப்போடக் கூடாது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், தெரபிஸ்ட் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரை அழைத்துக்கொண்டு பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், அல்லது உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

நாள் கிடைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு தாக்குதலையும் எழுதுங்கள்: எந்த நாள், எங்கே இருந்தீர்கள், முதலில் உடம்பில் என்ன தெரிந்தது, மனம் அதை என்னவென்று சொன்னது, எத்தனை நிமிடம் நீடித்தது, பிறகு எதைச் செய்யாமல் விட்டீர்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பஸ்ஸில் ஏறாமல் விட்டது, லிஃப்ட்டைத் தவிர்த்தது, துணைக்கு ஆள் கூப்பிட்டது எல்லாம் அதில் வரட்டும். முதல் சந்திப்பில் அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் பாதியில் திணறினாலும் அது மீதியைச் சொல்லிவிடும். அவர் அதைப் பொறுமையாகப் புரட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து உங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கினால், அடுத்த வாரத்துக்கும் நாள் வாங்கிக்கொண்டு வாருங்கள்.