ஹாகோன் ஆட்சி: 1217-ஆ, 1247-ஆ?

வணக்கம். நார்வே அரசர் ஹாகோன் ஹாகோன்சனின் ஆட்சி ஒரு நூலில் 1217 என்றும் இன்னொன்றில் 1247 என்றும் தொடங்குகிறது, அட்டவணையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் 1217 என்றே போடுங்கள். 1247 முடிசூட்டு விழா நடந்த ஆண்டு.

முப்பது ஆண்டு இடைவெளிக்குக் காரணம் பிறப்பு. பதின்மூன்று வயதில் அரசராக ஏற்கப்பட்டபோதே, இவர் உண்மையிலேயே 1204-இல் இறந்த அரசர் மூன்றாம் ஹாகோனின் மகன்தானா என்ற கேள்வி இருந்தது. தாய் இங்கா 1218-இல் நார்வே நகரான பெர்கனில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. இத்தகைய சோதனையில் கையைக் கட்டி வைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள்; புண் சீழ் பிடிக்காவிட்டால் சொன்னது மெய். இங்கா தேறினார். பையனின் அரியணைக்குத் தாயின் உள்ளங்கை சாட்சி!

ஆனாலும் பெற்றோர் மணம் செய்துகொள்ளாதவர்கள் என்பதால் திருச்சபை முடிசூட்டத் தயங்கியது. இதற்கிடையே ஹாகோனின் மாமனார் ஸ்கூலே 1239-இல் தன்னையே அரசர் என்று அறிவித்து, மறு ஆண்டு கொல்லப்பட்டார். போப் நான்காம் இன்னசென்ட் அந்தப் பிறப்புக் குறையை நீக்கிய பிறகே கர்தினால் ஒருவர் பெர்கனுக்கு வந்து முடிசூட்டினார்.

இறுதி ஆண்டு 1263. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளில் இறந்தார். மகன் மக்னுஸுக்கு 1257-லேயே அரசர் பட்டம் தரப்பட்டதால், அட்டவணையில் இருவர் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.