குஷன் கவர் தைத்துக் கொடுத்தால் தெரிந்தவர்களிடம் எப்படிக் காசு கேட்பது?

கேள்வி கேட்டவர் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தே சோபா குஷன் கவர் தைத்துக் கொடுக்கிறாராம். வருகிற ஆர்டரெல்லாம் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமும்தான், கூலி சொல்ல வாய் வரவில்லையாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மெஷின் முன்னால் உட்காரும் ஆளாகத்தான் இருப்பீர்கள். நானும் அப்படித்தான். தக்கலை பக்கம், ஒன்பது வருடமாக.

கூலியை விடுங்கள், முதலில் துணிக்கணக்கைப் பேசுங்கள். என்னை மாட்டிவிட்டது அதுதான். சோபாத் துணி பெரும்பாலும் 54 இன்ச் அகலம். 16 இன்ச் கவருக்குத் தையல் விட்டு 17 வெட்டினால், ஒரு மீட்டரில் முன்னும் பின்னுமாக மூன்று கவர் வரும். அதே 18 இன்ச் என்றால் 19 வெட்ட வேண்டும், இரண்டுதான் வரும். ரெண்டு இன்ச்தானே என்று கேட்கிறவர்களுக்கு இது புரியவே புரியாது.

எனக்கு மைனி, அதாவது அண்ணி முறை ஒருத்தர். அவர்கள் வீட்டுக்காரர் வளைகுடாவில். புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு 12 கவர் வேண்டும், மயில்நீல வெல்வெட்டில். 16 இன்ச் என்று சொன்னதால் நான் கணக்குப் போட்டு 4 மீட்டர் எடுக்கச் சொன்னேன். துணி வந்த பிறகு போன். “எதுத்த வீட்டுல 18 போட்டிருக்கு, நமக்கும் அதே போதும்.” போதாது மைனி, இன்னும் 2 மீட்டர் வேண்டும் என்றேன். “அந்தக் கடைக்கு இனி யாரு போவா, எப்படியாவது ஒப்பேத்திக் குடு மக்களே.”

ஒப்பேற்றினேன். அதுதான் தப்பு. அகலத்தில் இரண்டு துண்டு வெட்டிய பிறகு ஓரத்தில் 16 இன்ச் பட்டை மிஞ்சும். அதைக் குறுக்கே திருப்பி வெட்டி, ஜிப் வரும் இடத்தில் ஒட்டுப் போட்டு, எட்டு கவருக்கு முதுகு ஆக்கினேன். ஆனால் வெல்வெட்டுக்கு முடி உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழவழ, எதிராகத் தடவினால் சொரசொர. முடி படுத்திருக்கும் திசை மாறினால் வெளிச்சத்தில் நிறமே வேறாகத் தெரியும். எனக்கு இது தெரியும். பின்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். மைனியிடம் சொல்லவும் இல்லை.

பால்காய்ச்சு அன்றைக்குப் பிள்ளைகள் குஷனைத் தூக்கி எறிந்து விளையாடி, பாதி மறுபக்கமாக விழுந்து கிடந்தது. மைனி பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொருத்தர் வாயிலாகக் காதுக்கு வந்தது: “எட்டு கவருக்குத் துணிய மாத்திட்டா. நல்ல துணிய எடுத்துக்கிட்டா.” எட்டு கவருக்குப் போதிய துணியில் பன்னிரண்டு தைத்தவளுக்குத் திருட்டுப் பட்டம். கூலி பாக்கியை நானும் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

குடும்ப விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா என்று யாராவது வருவீர்கள். பெயர் சொல்லவில்லையே. அடுத்தது, “வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு” என்று வருவீர்கள். நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவி 1820களிலேயே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அது விற்றுக் காசாகியிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் நூலைப் பிடித்துச் சம்பாதிப்பது நேற்று முளைத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து போனில் ஆர்டர் பேசுகிறவர்கள் பத்தில் நாலு பேர், “நீங்க மலையாளியா?” என்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்வதற்கு எத்தனை பேர் போராடினார்கள்! ஒரு குஷன் கவர் விலை சொல்வதற்குள் அந்த வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

இப்போது நான் எந்த உறவாக இருந்தாலும் சீட்டு எழுதுகிறேன். அளவு, எத்தனை கவர், எத்தனை மீட்டர் வாங்கினேன், ஓரத்தில் கயிறு வைத்த பைப்பிங் கரை உண்டா. பாதிப் பணம் வந்த பிறகுதான் கத்தரி. பைப்பிங்குக்குத் தனிக் கூலி, ஏனென்றால் துணியைச் சாய்வாக, கிராஸ் பட்டியாக வெட்டி, கயிறு வைத்து, நாலு மூலையும் திருப்புவதற்குள் சாதாக் கவர் இரண்டு தைத்துவிடலாம். வெல்வெட் என்றால் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் முடி படுத்திருக்கும் திசைக்குச் சாக்பீஸால் அம்புக்குறி போடுகிறேன். மிச்சத் துணியை, கைக்குட்டை அளவு இருந்தாலும், கவருக்குள் மடித்து வைத்துக் கொடுத்துவிடுகிறேன். ஆன்லைனில் அஞ்சு கவர் நானூறுக்குக் கிடைக்குதே என்றால், அதையே வாங்கிக்கோங்க அக்கா என்று சொல்லிவிடுவேன். முதல் தடவை சொல்லும்போது தொண்டை அடைக்கும்.

பஞ்சும் சேர்த்துக் கேட்டால் இலவம் பஞ்சு வேண்டாம் என்பேன். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று நம் ஊரில் ஈரம் விடுவதில்லை, கட்டி பிடித்து வாடை வரும். ஃபைபர்தான். கவரைவிட ரெண்டு இன்ச் பெரிய தலையணை போட்டால் மூலை தொங்காது.

போன கிறிஸ்துமஸுக்கு மைனி வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டும் சோபாவில்தான் இருக்கின்றன. அவர் காப்பி போட உள்ளே போன நேரம், அந்த எட்டில் ஒன்றைத் திருப்பி ஜிப்பை இழுத்துப் பார்த்தேன். இன்னும் சிக்காமல் ஓடுகிறது.