கோதுமை இல்லாததெல்லாம் கலோரி குறைந்ததா?

அடுப்படிக் கேள்வி – பதில்

அக்கா, எடை குறைக்கலாம் என்று ஷிராடாகி நூடுல்ஸ் வாங்கினேன். பாக்கெட்டைப் பிரித்ததும் மீன் கழுவிய தண்ணீர் வாடை. குடைமிளகாய், சோயா சாஸ் எல்லாம் போட்டு வதக்கினால் சட்டி நிறையத் தண்ணீர் விட்டுக்கொண்டது. உப்பும் காரமும் ஏறவே இல்லை. இனி வாங்கலாமா, வேண்டாமா?
– வாசகி, சேலம்

வாங்கலாம். ஆனால் மைதா நூடுல்ஸ் செய்கிற முறை இதற்குச் சரிவராது. இது கொன்யாக்கு என்ற கிழங்கின் மாவில் செய்வது. நம் சேனைக்கிழங்குக்குப் பங்காளி. ஜப்பானில் குன்மா பகுதியில்தான் அதிகம் விளைகிறது. கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு நீர் சேர்த்துக் கெட்டியாக்கி, இழையாகப் பிழிகிறார்கள். நீங்கள் சொன்ன வாடை அந்தப் பாக்கெட் தண்ணீரோடு வருவது, நூடுல்ஸ் கெட்டுப்போகவில்லை. இழையில் கிட்டத்தட்ட 97 சதவீதம் தண்ணீர், மிச்சம் பெரும்பாலும் நார்ச்சத்து. அதனால்தான் 100 கிராமுக்கு 10 கலோரி அளவில் நிற்கிறது. வேகவைத்த மைதா நூடுல்ஸில் 140 வரை வரும்.

உள்ளே ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருப்பதால் மசாலாவை அது உறிஞ்சாது. மேலே ஒட்டத்தான் செய்யும். அதனால் முதல் வேலை, தண்ணீரை விரட்டுவது. வடிதட்டில் கொட்டி, குழாயடியில் ஒரு நிமிடம் நன்றாக அலசுங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு மூடி எலுமிச்சைச் சாறு விட்டு, மூன்று நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள். வாடை போய்விடும். இழை நீளமாக இருக்கும், கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். காய்ந்த இரும்பு வாணலியில், எண்ணெய் விடாமல், நடுத்தரத் தீயில் புரட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஆவி குபுகுபுவென்று வரும். ஐந்தாறு நிமிடத்தில் அது அடங்கி, கரண்டி பட்டால் இழை கிரீச்சிடும். அந்தச் சத்தம் வரும்வரை எண்ணெய் பாட்டிலைத் தொடாதீர்கள். பிறகு எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதே வாணலியில் மசாலாவைச் சுருளச் சுருள வதக்கி, கடைசியில் நூடுல்ஸைப் போட்டுப் பிரட்டி இறக்குங்கள். மசாலா கெட்டியாக இருக்க வேண்டும். புளிக்காய்ச்சலும் எள்ளுப்பொடியும் அருமையாகச் சேரும். பூண்டு, மிளகு, முட்டை போட்டுப் பிரட்டியதும் அப்படித்தான். எலுமிச்சை சேவை பக்குவத்தில் செய்தால் சாறு தட்டின் அடியில்தான் நிற்கும். இதில் புரதம் கிடையாது என்பதால் முட்டை, பனீர், வேகவைத்த பயறு என்று ஏதாவது ஒன்று கட்டாயம் கூடவே இருக்கட்டும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. சீலியாக் நோய், கோதுமையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றப் பிள்ளைகள் நூடுல்ஸ் சாப்பிடும்போது ஏக்கமாகப் பார்க்கிறாள். இந்த ஷிராடாகியை அவளுக்கு தினமும் கொடுக்கலாமா அக்கா?
– வாசகி, கோவை

தினமும் வேண்டாம் அம்மா. கோதுமை இல்லை என்பது வேறு, கலோரி குறைவு என்பது வேறு. கடையில் இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கிவிடுவதால் குழம்பிப்போகிறோம். வளர்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்து சத்து ஏறாத சாப்பாடு எதற்கு? அவளுக்கு அரிசி நூடுல்ஸ், அரிசி சேவை, இடியாப்பம் எல்லாம் இருக்கின்றன. முட்டையும் காய்கறியும் போட்டு நூடுல்ஸ் மாதிரியே பிரட்டிக் கொடுங்கள், ஆசையாகச் சாப்பிடுவாள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது மறைந்து வரும் கோதுமையை. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள். சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு. ராகி சேமியா என்று எழுதியிருக்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பினால் கோதுமையோ மைதாவோ இருப்பது சகஜம். கோதுமையில் இருக்கும், அவளுக்கு ஆகாத புரதத்துக்குப் பெயர் குளூட்டன். நம் நாட்டு விதிப்படி, குளூட்டன் இல்லை என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அந்த வாசகம் உள்ளதையே எடுங்கள்.

மாவு மில்லையும் மறக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், அந்த மாவு உங்கள் இடியாப்ப மாவில் வந்து கலக்கும். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துவிடுங்கள். சல்லடையும் அவளுக்கென்று தனியாக ஒன்று இருக்கட்டும்.

அப்பாவுக்கு சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். இரவு சாதத்துக்குப் பதில் இந்த ஷிராடாகியைக் கொடுக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

டாக்டரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள் தம்பி. சாதத்துக்குக் கணக்குப் பார்த்துப் போட்ட ஊசி அது. மாவுச்சத்தே இல்லாததை அதே அளவு ஊசியோடு சாப்பிட்டால் நடு இரவில் சர்க்கரை இறங்கிவிடும், அது ஆபத்து. டாக்டர் சரி என்றால், இழையைச் சின்னதாக நறுக்கி, நன்றாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள்.

பாக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை. நம் காயில் ஏதாவது செய்ய முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

சௌசௌ இருக்கிறதே! தோல் சீவி, விதையை எடுத்து, நீளவாக்கில் மெல்லிசாகத் துருவுங்கள். 100 கிராமுக்கு 20 கலோரிகூட வராது. உப்பு பிசிறிப் பத்து நிமிடம் வைத்து, கையால் ஒட்டப் பிழிந்து, பெரிய தீயில் இரண்டே நிமிடம் பிரட்டுங்கள். அதற்கு மேல் அடுப்பில் நின்றால் கூட்டு ஆகிவிடும். சுரைக்காயில் செய்வதானால் பிஞ்சாகப் பாருங்கள். கசந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள், கசந்த சுரைக்காய் உடம்புக்குக் கெடுதல்.