பேஜ்மேக்கரை இப்போது யாரும் விற்பதில்லை, டவுன்லோடு பண்ணிக்கொள்ளலாமா?

டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: பல வருடம் முன்னால் காசு கொடுத்து, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0 வாங்கினோம். கல்யாணப் பத்திரிகை, கோவில் மலர் ஃபைல்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சிடி கீறிப்போய்விட்டது, அடோபியும் அதைக் கைவிட்டுவிட்டது. அபாண்டன்வேர் (கம்பெனி கைவிட்ட பழைய மென்பொருள்) தளங்களில் இலவசமாகக் கிடைக்கிறதே, எடுத்துப் போட்டால் தப்பா?

தப்புதான். ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியவர் என்பதால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது.

நம் 1957-ம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் ‘கைவிடப்பட்ட மென்பொருள்’ என்று ஒரு வகையே கிடையாது. மென்பொருளும் கதை, கட்டுரை போல இலக்கியப் படைப்பு என்ற கணக்கில்தான் வருகிறது. எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை ஓடும். விற்பதை நிறுத்துவது வேறு, உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. பின்னதற்குப் பிரிவு 21-ன்படி பதிவாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லை பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். சும்மா இருந்தால் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

‘கம்பெனியே இல்லையே’ என்றும் சிலர் சொல்வார்கள். கம்பெனி போனாலும் உரிமை யார் கைக்காவது போயிருக்கும். பேஜ்மேக்கரே 1985-ல் ஆல்டஸ் என்ற கம்பெனி கொண்டுவந்தது, 1994-ல் ஆல்டஸோடு சேர்ந்து அடோபிக்குப் போனது. நம் கல்லூரி லேப்களில் நீல ஸ்கிரீனோடு பல காலம் ஓடிய, புரோகிராம் எழுதப் பழகும் டர்போ சி++ போர்லாண்ட் கம்பெனியுடையது, அந்தத் தொழில் 2008-ல் எம்பர்காடெரோ என்ற கம்பெனிக்குக் கைமாறியது. போர்லாண்ட் தானே முன்வந்து டர்போ சி 2.01 மாதிரி சில பழைய பதிப்புகளை இலவசமாகக் கொடுத்தது உண்மை, ஆனால் அதோடு டர்போ சி++ 3.0-வும் இலவசமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. மைக்ரோசாஃப்ட்டும், விண்டோஸுக்கு முந்தைய எம்எஸ்-டாஸில் 1.25, 2.0 இரண்டையும் 2018-ல் திறந்த உரிமத்தில் விட்டது, 2024-ல் 4.00-ஐ விட்டது, 6.22-ஐ விடவில்லை. உரிமைக்காரர் எந்தப் பதிப்பைச் சொன்னாரோ அது மட்டும்தான்.

சரி, உங்கள் விஷயம். பிரிவு 52(1)(ஏஏ) படி, முறையாக வாங்கியவர் அதைப் பயன்படுத்தவும் பேக்கப் வைக்கவும் நகல் எடுக்கலாம். ஆனால் ‘அந்தப் பிரதியிலிருந்தே’ எடுக்க வேண்டும். இங்கேதான் டவுன்லோடு மாட்டுகிறது: சீரியல் நம்பர் உங்களுடையதாக இருந்தாலும் ஃபைல் எவனோ ஏற்றியது. சொந்த உபயோகத்துக்கு இன்னொரு விலக்கு உண்டு, அது வணிகமில்லாத உபயோகத்துக்கு மட்டும், கடைக்குப் பொருந்தாது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் பிரிவு 63பி: 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகப் பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சிறை இல்லாமல் விடலாம், தொழில் செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. (உண்மையைச் சொன்னால், உங்கள் பேஜ்மேக்கரைவிடப் பக்கத்து மெஷினில் கிராக் போட்ட கோரல்ட்ரா இருக்கிறதா என்பதுதான் என் கவலை.)

அதனால் சிடியை மறந்துவிட்டு, பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிற பழைய மெஷினைப் பாருங்கள். அதில் இருப்பது உங்கள் பிரதி. ஹார்டு டிஸ்க் சாகும் முன் அதை அப்படியே டிஸ்க் இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல்) எடுத்து வெளி டிரைவில் வையுங்கள். பிறகு புது மெஷினில் விர்ச்சுவல் மெஷினாக (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டராக) ஓட்டலாம் என்றால், ஒரு லைசென்ஸை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓட்டாதீர்கள். அதில் உள்ள விண்டோஸ் அந்த மெஷினோடு சேர்த்து விற்றதா என்றும் பாருங்கள், அப்படியானால் இடம் மாற்ற அந்த உரிமம் பெரும்பாலும் விடாது. பில், பெட்டி, சீரியல் ஒட்டிய அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். ‘முறையாக வாங்கியவர்’ என்பதற்கு அதுதான் சாட்சி.

பழைய தமிழ் ஃபான்ட்டுகளுக்கும் இதே விதிதான். உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் பிரிவு 31ஏ-யில் விண்ணப்பித்து உரிமம் வாங்க வழி இருக்கிறது, ஆனால் முதலில் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அதுவும் வெளியிடுவதற்கான உரிமம். ஒரு கடைக்கு இது கட்டுப்படியாகாது.

ஃபைலைத் திறந்தால் போதும் என்றால் லிப்ரேஆஃபிஸ் போதும், இலவசம், 2015-ல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். அமைப்பு கொஞ்சம் கலையும், ஃபான்ட் இல்லாவிட்டால் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பழைய மெஷின் ஓடும்போதே எல்லா மலரையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்.