குள்ளமான, பூசினாற்போன்ற உடம்புக்கு வெயில் காலத்தில் கண்டாங்கி பொருந்துமா?

தாராளமாக. சித்திரையில் காரைக்குடிக் கல்யாணத்துக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு வேர்த்து வழிய வேண்டியதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கி, பருத்திச் சேலை; வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும்.

சிக்கல் கரையில்தான் இருக்கிறது. சாண் அகலக் கரை காலடியில் குறுக்கே ஓடினால் உயரம் வெட்டுப்பட்டதுபோல் தெரியும். மூன்று விரல் கரை, சிறு கட்டம், அரக்கு நிறம் எனத் தேடி எடுங்கள். புதுச் சேலையின் மொடமொடப்பு இடுப்பைப் பருமனாகக் காட்டும் (என் அத்தை கண்ணாடியைப் பார்த்து அலறியது தனிக்கதை). இரண்டு முறை அலசி, கஞ்சி போடாமல் கட்டினால் கொசுவம் படிந்து நிற்கும். ரவிக்கையின் உள்துணியும் பருத்தியாகவே இருக்கட்டும். பாலியஸ்டர் வைத்தால் முதுகு புழுங்கிவிடும். நெட்டையாக, ஒல்லியாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அகலக் கரை அவர்களுக்கென்றே நெய்தது.