கொலையாளி பாதியிலேயே தெரிந்துவிட்டால்

எந்த த்ரில்லர் பார்த்தாலும் பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறேன், அப்புறம் படம் சப்பென்று ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. பெரிய நடிகர் ஒருவர் இரண்டே காட்சியில் வந்து நல்லவராகச் சிரித்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

'யார்' என்ற கேள்வியை மட்டும் நம்பி எடுத்த படங்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். 'மாட்டுவானா' என்று தவிக்கவைக்கும் படங்கள் உங்களுக்குச் சரிப்படும். ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த 'எம்' படத்தில் ஒரு சிறுமி தூணில் பந்தைத் தட்டி விளையாடுகிறாள். அந்தத் தூணில் ஒட்டியிருப்பது கொலைகாரனைப் பிடித்தால் பரிசு என்ற அறிவிப்பு. அதன் மேலேயே அவன் நிழல் விழுகிறது! ஆள் யாரென்று சீக்கிரமே காட்டிவிடுகிறார்கள், ஆனாலும் பதற்றம் ஏறிக்கொண்டே போகிறது. போலீஸ் ஒரு பக்கம் தேட, கெடுபிடியால் தங்கள் பிழைப்பு கெடுகிறதே என்று திருடர் கூட்டமும் தேடக் கிளம்புகிறது.

ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) ஆரம்பிப்பதே கொலையில்தான். பிணம் கிடக்கும் பெட்டி மேலேயே விருந்து பரிமாறுகிறார்கள். 2013-இல் வந்த மலையாள 'த்ரிஷ்யம்' பார்க்கவில்லையென்றால் அதுவும் இந்த வகைதான். கடைசியில் ஒன்றை மட்டும் ஒளித்துவைத்திருக்கிறார்கள், முடிந்தால் அதைக் கண்டுபிடியுங்கள்.